நஃபீசா கூட்டி வைத்த மணி

கணபதியில் இருந்த அந்த மோட்டார் பம்பு கம்பெனியில் நஃபீசா பல வருஷமாகத் தற்காலிகம். கம்ப்யூட்டர் அறையைத் திறப்பதும் அவள்தான், பூட்டுவதும் அவள்தான், எது நின்றாலும் திட்டு வாங்குவதும் அவள்தான். இந்த மாதம் பெர்மனெண்ட் ஆக்கிவிடுவதாக முதலாளி செங்கோட்டையன் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் உக்கடத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள்.

அறை மூலையில் சர்வர் என்றொரு பெரிய பெட்டி. கணக்கு, ஸ்டோர்ஸ், கேட் என்று எங்கே எந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாலும் அது முதலில் சர்வரிடம்தான் மணி கேட்கும். தனித்தனியாக விட்டால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், சரக்கு வருவதற்கு முன்பே விற்றுப்போனதாகக் காட்டும். அதனால் காலையில் ரேடியோவைக் கேட்டுச் சர்வரின் மணியைச் சரிசெய்வது நஃபீசாவின் முதல் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை, புது மாடல் மோட்டாரின் முதல் லோடு அந்தியூருக்குக் கிளம்ப வேண்டும். பில் போடப்போகும்போது மணி பதினொன்று, அசல் ராகு காலம். லாரிக்காரரோ பன்னிரண்டு வரை நிற்க மாட்டேன் என்றார். செங்கோட்டையன் அறைக்கே வந்துவிட்டார்.

"ஏனம்மணி, மொதப் பில்லு ராகு காலத்துலயா போடறது? மணியக் கொஞ்சம் கூட்டி வெச்சுப்போடு."

"எல்லாக் கம்ப்யூட்டரும் இதப் பாத்துத்தானுங்க மணி வெக்குது. கேட்டுலயும் மாறிப்போயிருமுங்க."

"பில்லு வந்ததும் கொறச்சுப்போடலாம், கண்ணு."

ராகுவையே கம்ப்யூட்டரை வைத்து ஏமாற்றப் பார்த்த மனுஷரிடம் வேறென்ன பேசுவது? நஃபீசா சர்வரின் மணியைப் பன்னிரண்டுக்கு மேல் தள்ளி, பில் போடும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாள். பில் வந்தது, லாரி போனது. ஆனால் மணியைக் குறைத்தால் அடுத்த பில்லின் நேரம் முதல் பில்லுக்கு முன்னால் போய் நிற்கும். அது தெரிந்ததும், சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார் செங்கோட்டையன்.

மதியம் கரண்டு போய் வந்தது. பேட்டரியில் ஓடிய சர்வர் அசையவில்லை. கேட்டில் வருகை பதியும் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து எழுந்து, சமர்த்தாகச் சர்வரிடம் மணி கேட்டுக்கொண்டது. இரண்டாம் ஷிப்டுக்கு நேரத்தோடு வந்த அத்தனை பேரும் ஒரேயடியாக லேட் ஆனார்கள். அதில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் காளிச்சாமியும் ஒருவர். இன்னொரு லேட் விழுந்தால் வேலை இல்லை என்று போன வாரம்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் முதலாளியிடம் ஓடினார். நஃபீசாவும் போனாள்.

"காரணஞ் சொல்லாம லேட்ட அழிக்க முடியாதுங்க. கடியாரந் தப்புன்னு போட்டர்லாங்களா?" என்றார் மேனேஜர்.

"அப்பிடிப் போட்டா பில்லும் ராகு காலத்துல போட்டதா ஆயிருமே." செங்கோட்டையன் தாடையைத் தடவிக்கொண்டு நஃபீசாவைப் பார்த்தார். "கேட்டுக் கம்ப்யூட்டர் மட்டுந்தான் தப்பு, நாந்தான் பாக்காம உட்டுட்டன்னு நீ சொல்லிப்போடு அம்மணி. அவிங்களும் தப்பிச்சாங்க, பில்லும் தப்பிச்சுது."

"எம்பட பெர்மனெண்டுங்க?"

"அதப் பொறகு பேசிக்கலாம்."

பிறகு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கதவுக்கு வெளியே காளிச்சாமி சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமல் நின்றிருந்தார்.

"எந்தப்புதானுங்க," என்றாள்.

லேட்டுகளை அழித்தார்கள். அவள் கிளம்பும்போது மேனேஜர் வந்து, "உங்க விஷயம் அடுத்த வருஷந்தானாமுங்க. கவனம் பத்தலீன்னு அய்யா சொல்றாருங்க," என்றார், தரையைப் பார்த்தபடி. அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

டீ குடிக்க வந்த காளிச்சாமி கேட்டருகே அவளை நிறுத்தினார்.

"ஏனுங்கம்மணி, மணியப் பாத்து வெக்கறதுக்குத்தானுங்க உங்களுக்குச் சம்பளம்? எம்பொழப்பே போயிருக்கும்."

உள்ளதைச் சொன்னால், பில்லைக் காப்பாற்ற முதலாளி மணி சரிதான் என்றுவிடுவார்; அந்த லேட் திரும்ப அவர் தலையில்தான் வந்து விழும்.

"இனிப் பாத்து வெக்கறனுங்கண்ணா," என்றாள்.