கட்டைவிரலால் அடைத்த கடல்

நெய்வேலியில் பிள்ளை பெற்றவர்களின் கவலை பொதுவாக, வேலை பெர்மனென்ட் ஆகுமா என்பதோடு முடிந்துவிடும். என் மகனுக்கு அது போதவில்லை. இன்ஜினியரிங் முடித்த கையோடு, வெளியூர்க்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறேன் என்று பரங்கிப்பேட்டையில் ஒரு பழைய மரப் படகை வாங்கினான். முகப்பில் எலுமிச்சம்பழம், மிளகாய், திருஷ்டிக் கயிறு எல்லாம் கச்சிதம். அடியில் ஒரு வால்வு மட்டும் இறுகிக் கிடந்தது. இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே விடும் வால்வு. திறந்தபடியே சிக்கியிருந்தது.

"அதுல மாட்டியிருக்கிற ரப்பர் ஓஸ் பிச்சிக்கிச்சுன்னா?" என்று கேட்டேன்.

"தண்ணி உள்ள வரும்."

"எவ்ளோ?"

"கடல்ல இருக்கிற வரைக்கும்."

அனல்மின் நிலையத்தில் வால்வு பராமரிப்புதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை டூல் பையோடு கிளம்பினேன். கணவர் வரவில்லை, வீட்டிலிருந்தே சாமி கும்பிட்டு உதவுவதாகச் சொன்னார்.

படகு தண்ணீரில்தான் நின்றது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சுற்றிலும் மெல்லத் தட்டி, கைப்பிடியை முன்னும் பின்னுமாக அசைத்தேன். நகரவில்லை. கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகி நெம்பப் போனபோது அவன் தடுத்தான்.

"அம்மா, கீழ கான்கிரீட் இல்ல, பலகை. அதுக்குக் கீழ மீனுங்க."

மறுபடியும் எண்ணெய், மறுபடியும் தட்டல். கடைசியில் கைப்பிடி வழவழவென்று திரும்பியது. வேலைப் பழக்கத்தில், 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்ற சிவப்பு அட்டையை அதில் மாட்டினேன்.

"யாரும்மா தொடப்போறா, சுறாவா?"

அட்டை மாட்டிவிட்டால் வால்வு மூடியதாக என் மூளை முடிவு செய்துவிடும். சோதித்துப் பார்க்க, ஓஸைக் கழற்றச் சொன்னேன். கழற்றினான். கடல் என் முகத்தில் அடித்தது. கைப்பிடி மட்டும்தான் திரும்பியிருக்கிறது. உள்ளே வழியை அடைக்க வேண்டிய உருண்டை அசையவேயில்லை. கட்டைவிரலை ஓட்டையில் திணித்தேன். அட்டை நனைந்தபடி கடமையாற்றிக்கொண்டிருந்தது. அவன் ஓஸைச் செருகி கிளிப்பை முறுக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் மணவாழ்க்கையில் யாரும் கண்டிராத காட்சி.

படகைக் கரையேற்றி, வால்வைப் பிரித்து, ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி, கிரீஸ் தடவி, புதுக் கைப்பிடி போட்டோம். இப்போது வாரம் ஒருமுறை அவன் அதை மூடித் திறந்து எனக்கு வீடியோ அனுப்ப வேண்டும். இருந்தும் என் கட்டைவிரல் சில சமயம் தானாகச் சில்லிடுகிறது. ஓட்டையில் அடித்து அடைக்க ஒரு மரக்கட்டையைக் கூம்பாகச் சீவி, வால்வுக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டிவிட்டேன்.

முதல் சவாரிக்குக் கிளம்பும்போது கேட்டான்: "இந்தக் கட்டைக்குச் சிவப்பு அட்டை இல்லியாம்மா?"

"கழுத்தக் காட்டு, உனக்கு மாட்டுறேன்."