வாலில் வந்த இரண்டாவது வெடிப்பு

எங்க லேப்புல யாரும் யாரையும் நேரா "தப்பு"ன்னு சொல்ல மாட்டோம். திட்டுறதுன்னாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அந்தக் கோயமுத்தூர் மரியாதையில ஸ்டெல்லாவோட பிஎச்.டி.யே முங்கப் பாத்துச்சு.

ஸ்டெல்லா கருமத்தம்பட்டிப் பொண்ணு. நான் அப்ப சிமுலேஷன் லேப்புல சீனியர். அவ வேலை புதன் கிரகத்தோட காந்த வால். சூரியக் காத்து கிரகத்தோட காந்தப்புலத்தைப் பின்னாடி வால் மாதிரி இழுத்துட்டுப் போகும். வாலுக்கு நடுவுல மின்னோட்டம் ஓடும். அங்கே காந்தக் கோடுகள் அறுந்து வேற மாதிரி ஒட்டிக்கிட்டா, அதுதான் ரீகனெக்‌ஷன். மின்னோட்டம் படக்குன்னு இறங்கும், பிளாஸ்மாங்கிற மின்னேறின வாயு ரெண்டு பக்கமும் பீச்சி அடிக்கும்.

அவ கம்ப்யூட்டர்ல ஓட்டுன சிமுலேஷன்ல வால் ஒரு தடவை இப்படி வெடிச்சு, கொஞ்ச நேரத்துல மறுபடியும் வெடிச்சுது. ஹெட் நடராஜன் சார் துள்ளிட்டாரு. "அம்மணி, இது புதுசு! யாரும் பாத்ததில்லை!" தீசிஸோட கடைசி அத்தியாயமே அதுதான்னு முடிவாயிருச்சு. லேப்புக்கே மைசூர்பா வாங்கிக் குடுத்தாரு.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். நாம ஓட்டுறது ஆகாயத்துல இல்லீங்க, கம்ப்யூட்டர்ல கட்டுன ஒரு பெட்டிக்குள்ள. முதல் வெடிப்போட அலை, அண்டாத் தண்ணி மாதிரி, பெட்டிச் சுவத்துல மோதித் திரும்பி வந்திருந்தா?

"சார், பெட்டி கொஞ்சம் குட்டையா இருக்குதுங்களோ?"

"பெட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க மைசூர்பா எடுத்துக்கங்க."

எடுத்துக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு ஸ்டெல்லா என் டேபிளுக்கு வந்தா. மூஞ்சி வீங்கியிருந்துச்சு. "ஏனுங்க சார், எனக்கே சந்தேகம் வந்து பெட்டியை நீட்டி ஓட்டிப்போட்டனுங்க. முதல் வெடிப்பு அதே நேரத்துக்கு வருதுங்க. ரெண்டாவது லேட்டாயிருச்சுங்க. அலை சுவத்துக்குப் போயிட்டு வர்ற நேரந்தானுங்க அது." நிஜ வெடிப்புன்னா பெட்டியை நீட்டினா என்ன, சுருக்கினா என்ன, நேரம் மாறாது. "இத்தனை நாள் வேலை போச்சுங்களே, ஹெட் சாருகிட்ட எப்படீங்க சொல்றது?"ன்னு அழுதுட்டா. எனக்கும் தாங்கல. கூடவே போனேன்.

"சார், அந்த ரெண்டாவது வெடிப்பு புதனோடது இல்லீங்க. நம்ம சுவத்தோடதுங்க"ன்னு ஸ்டெல்லாவே சொல்லிட்டா.

சார் கிராஃபை வாங்கிப் பாத்தாரு. அப்புறம், "தின்ன ஸ்வீட்டைத் திருப்பி வாங்க முடியாதே கண்ணு"ன்னாரு. "சரி, அந்த அத்தியாயத்தை எடுத்துப்போடு."

வைவாவுல வெளியூர் எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, பெட்டியை நீட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. பாத்துட்டு ஒரு அத்தியாயத்தையே தூக்கிப்போட்டனுங்க."

நடராஜன் சார் விட்ட பெருமூச்சு கடைசி வரிசையில இருந்த எனக்கே கேட்டுச்சு.

புதுசா வர்ற புள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். படம் ரொம்ப அழகா வந்துச்சுன்னா, ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி பெட்டியை நீட்டிப் பாருங்க. கெட்ட சேதி உங்க வாயில இருந்து வந்தா அதுக்குப் பேரு ஆராய்ச்சி. எக்ஸாமினர் வாயில இருந்து வந்தா, இன்னொரு வருஷம்.