பேனருக்கு ஒரு படம்

இன்று இரத்தினபுரி வெயிலில் கேமராவோடு அலைந்தேன். தெருவின் உயிரோட்டத்தைப் பிடிக்கிறேனாம்.

பஸ் ஸ்டாண்டில் ரம்புட்டான் விற்ற தேயிலைத் தோட்டத்து அக்கா, என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்து விறைப்பாக நின்றார்.

"அக்கா, நீங்க சும்மா வியாபாரத்தப் பாருங்க."

"போ தம்பி! எங்க வீட்டுக்காரரு செத்தப்ப ஐடி கார்டு படத்தத்தான் பெருசாக்கி பேனர் அடிச்சோம். மனுசன் கள்ளன் மாதிரி முழிச்சாரு. எனக்காவது ஒழுங்கா ஒண்ணு எடு."

எடுத்தேன். வாங்கிப் பார்த்தார்.

"ஐயோ, பல்லக் காட்டிட்டேனே! சாவு வீட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க? மொதல்ல அத அழி."

அழிக்கவைத்து, முறைத்தபடி இன்னொன்று எடுக்கவைத்தார்.

இன்று எடுத்ததில் உயிரோடு இருந்தது அழித்த அந்தப் படம்தான். மீதியெல்லாம் பேனருக்குத் தயார். உங்களுக்கும் ஒன்று எடுத்துவைக்கவா?