ஒன்பதாம் குடிலின் குப்பைக் கூடை

எங்கள் அண்ணிக்கு யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் கிடையாது. கல்யாணம் பேச வந்த அன்றைக்கே என் அண்ணன் கையில் செய்தித்தாளைக் கொடுத்து நாலு வரி வாசிக்கச் சொன்னவர். படிப்பு உண்டா என்று பார்க்க அல்ல, பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்க. கடையில் எடை போடும்போது தராசைப் பார்க்க மாட்டார், கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு சிஐடி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

எனக்கும் அவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. பாறையும் முள்புதரும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத கடற்கரையில் பன்னிரண்டு மரக்குடில்கள். இயற்கை சொகுசு விடுதி என்று வாசலில் பலகை தொங்கும். ஏசி கிடையாது, டிவி கிடையாது, போனுக்கு சிக்னல் கிடையாது, பிளாஸ்டிக் கண்ணில் படக்கூடாது. இதெல்லாம் இல்லாமல் இருப்பதற்காக ஆட்கள் விமானம் ஏறி வருவார்கள். எங்கள் வீட்டிலும் பாதி நாள் கரண்டே இருக்காது, ஆனால் அதற்கு யாரும் எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்ததில்லை.

விடுதிக்குச் சான்றிதழ் உண்டு. எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததும் அந்தச் சான்றிதழால்தான். வருஷத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பரிசோதகர் வருவார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வர மாட்டார். விருந்தாளி மாதிரி வந்து, சாப்பிட்டு, தூங்கி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போய் அறிக்கை எழுதுவார். போன வருஷம் வந்தவர் வாழைப்பழத் தோலுக்குள் ஒரு பேட்டரியைச் சொருகிக் கூடையில் போட்டிருந்தார். எங்களிடம் குப்பைக்கு ஐந்து தொட்டிகள். சாப்பாட்டு மிச்சம், காகிதம், கண்ணாடி, துணி, கடைசியாக மருந்துக்கும் பேட்டரிக்கும் ஒரு சிவப்புத் தொட்டி. அந்தக் குடிலைச் சுத்தம் செய்தவர் அன்றைக்கு அவசரத்தில் தோலைத் தோலாகவே நினைத்துச் சாப்பாட்டுத் தொட்டியில் போட்டார். மறுமாதம் அவர் வேலையில் இல்லை.

அண்ணிக்கு ஏழு முதல் பன்னிரண்டு வரை ஆறு குடில்கள் பொறுப்பு. அண்ணன் படகிலிருந்து விழுந்து முதுகு போனதிலிருந்து அந்த வீட்டுக்கு வருவது அண்ணியின் சம்பளம் ஒன்றுதான். இந்த வேலை போனால் அந்தக் கரையில் வேறு வேலை கிடையாது. அதனால் பரிசோதனை வரும் பருவம் நெருங்கினால் அவர் சந்தேகப்படுவதை நாங்கள் கிண்டல் செய்ய மாட்டோம். குறைவாகச் செய்வோம்.

ஒன்பதாம் குடிலுக்கு அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். தனி ஆள், ஏழு நாள் தங்கல், ஒரே ஒரு பெட்டி. நான்தான் வாசலிலிருந்து பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்கக் கடலை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், வண்டியை எங்கே சார்ஜ் போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். சாயந்தரம் அண்ணியிடம் இதைச் சொன்னேன்.

"ஆளு அவர்தான்," என்றார் அண்ணி.

"ரெண்டு கேள்வி கேட்டா பரிசோதகரா அண்ணி?"

"இவ்வளவு காசு குடுத்து வந்துட்டு கடலைப் பார்க்காதவன் வேற எதைப் பார்க்க வந்திருப்பான்? கொஞ்சம் யோசி தம்பி."

மறுநாள் அவருடைய சந்தேகம் இரண்டு மடங்காகியது. ஒன்பதுக்காரர் தன் படுக்கையைத் தானே விரித்து, ஓரத்தை மடித்துச் சொருகி, சுருக்கம் இல்லாமல் வைத்திருந்தார். எந்த விருந்தாளி இதைச் செய்வான்? அதோடு கூடையைக் கொட்டியபோது, காகிதங்களுக்கு அடியில் இரண்டு மாத்திரைகள். உறை இல்லை, அட்டை இல்லை. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள்.

"பார்த்தியா? பேட்டரிக்குப் பதிலா மாத்திரை," என்று அண்ணி அவற்றைக் காகிதத்தில் மடித்து எனக்குக் காட்டினார். முகத்தில் ஜெயித்த களை. "என்கிட்டயேவா!"

சிவப்புத் தொட்டியில் போட்டார். போட்டதை மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார். மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானமே ஒன்பதாம் குடிலுக்கு மட்டும் பெரிய பூச்சாடி போயிற்று. சமையல்காரர் சொல்லாமலே இரண்டாம் தட்டு அனுப்பினார். தோட்டக்காரர் அந்தக் குடில் வாசலில் விழும் சருகை விழுவதற்கு முன்பே பிடித்துவிடுவார் போல நின்றார். மனுஷன் எங்கே திரும்பினாலும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அவரும் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

மூன்றாம் நாள் மறுபடி இரண்டு மாத்திரைகள். அதே வெள்ளை, அதே மஞ்சள். நாலாம் நாளும் அதே இரண்டு. நாலாம் நாள் அண்ணி ஜெயித்த முகத்தோடு வரவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"தம்பி, பொறி வைக்கிறவன் ஒரே பொறியை மூணு நாளா வைப்பானா?"

"மறந்துட்டாரோ என்னவோ."

"தலகாணி மூணையும் அடுக்கி, சாய்ஞ்சு உட்கார்ந்தே தூங்கறார். மேல எவ்வளவு அழகா விரிச்சாலும் அடியில தெரியுமில்ல? கால் பக்கம் விரிப்பு கசங்கவே இல்லை. மேல்பாதி மட்டும்தான் கசங்கியிருக்கு. எங்க அப்பா கடைசி மாசம் இப்படித்தான் தூங்கினார். படுத்தா மூச்சு நிக்கும்னு பயம்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கீழே மணலிலிருந்து குடிலுக்கு ஏறும் படிகள் வெறும் இருபத்தேழு. அதற்குள் அவர் நாலு இடத்தில் நிற்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படியை எண்ணுகிறார், குறிப்பு எடுக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"மேசை மேல அட்டை இருக்கு," என்றார் அண்ணி. "ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரா கிழமை எழுதியிருக்கு. பொம்பளை கையெழுத்து. எல்லாம் சரியா கிழமைப்படி காலியாயிருக்கு. வீட்டுல யாரோ அட்டையைப் பார்த்து சரிபார்ப்பாங்க போல. இவர் பிதுக்கி எடுத்து கூடையில போட்டுட்டு, காலி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டப் போறார்."

"அப்ப போய்க் கேட்டுடுங்க."

கேட்கச் சொல்வது சுலபம். எங்கள் விடுதியில் முதல் விதியே அதுதான். அறையில் பார்த்தது அறையோடு போக வேண்டும். விருந்தாளியின் கூடையில் கிடந்ததை எந்தத் தொட்டியில் போட்டோம் என்று மேலாளரிடம் காட்டலாம்; அதற்கு மேல் அதைப் பற்றி அவரிடமோ மற்றவரிடமோ வாய் திறந்தால், அன்றோடு சீட்டுக் கிழியும். என்னிடம் சொன்னதே குற்றம். மேலாளரிடம் போனால் அவர் முதலில் அண்ணியைத்தான் பிடிப்பார். அந்த மனிதர் நிஜமாகவே பரிசோதகராக இருந்துவிட்டால்? ஒருவேளை இந்த மூன்று நாள் மாத்திரை, மூன்று தலகாணி, படியில் நிற்பது எல்லாமே அண்ணியின் வாயைத் திறக்க வைக்கும் பொறியாக இருந்தால்? அண்ணி அந்த இரவு தூங்கவில்லை என்று அண்ணன் சொன்னார். தன்னையும் தூங்க விடவில்லை என்றும் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி. படிக்குக் கீழே வண்டியோடு நின்றிருந்தேன். ஒன்பதுக்காரர் பதினைந்தாம் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மேலேயிருந்து அண்ணி இறங்கி வந்தார். ஒரு கையில் தண்ணீர்க் குவளை, இன்னொரு கையில் காகிதப் பொட்டலம்.

"சார், இது இன்னிக்கு உங்க கூடையில இருந்தது."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். அப்புறம் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூடையில இருக்கறதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லலையா?"

"சொல்லியிருக்காங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"வந்த அன்னிக்கே தெரியும்."

எனக்குத் தெரிந்து ஒரு பரிசோதகர் அசடு வழிந்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், வந்ததிலிருந்து முதல்முறையாக. பிறகு மெல்லச் சொன்னார்.

"இதைப் போட்டா எனக்குக் கை நடுங்குதும்மா. பேனா பிடிக்க முடியல. அறிக்கைக்கு அடியில கையெழுத்து நடுங்கினா, ஆபீஸ்ல உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. உடம்புக்கு முடியலன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எல்லா ஓட்டலையும் நான் பார்க்கறேன். என்னைப் பார்க்கவும் மேல ஒருத்தன் இருக்கான்."

"உங்க வீட்டுல அட்டையை எண்ணறது யாரு?"

"பொண்ணு."

"அவளை ஏமாத்தறீங்க."

அவர் கொஞ்சம் விறைப்பாக நிமிர்ந்து, "நான் பார்த்ததை நான் எழுதித்தான் ஆகணும். முப்பது வருஷமா அப்படித்தான். நீங்க செஞ்சதையும் எழுதுவேன்" என்றார்.

அண்ணியின் முகம் ஒரு கணம் தொங்கிப் போனதை நான் பார்த்தேன். அண்ணனின் முதுகு அவர் கண் முன்னால் வந்து போயிருக்கும்.

"எழுதிக்குங்க," என்று இடுப்பில் சொருகியிருந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "முதல்ல முழுங்குங்க. இது புதுசு, அட்டையிலிருந்து எடுத்தது. கூடையில இருந்தது இல்லை."

அவர் முழுங்கினார். அண்ணி நகரவில்லை.

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க."

அறுபது வயது மனிதர், எங்கள் எல்லாருடைய தலையெழுத்தையும் சட்டைப்பையில் வைத்திருப்பவர், நடுப்படியில் உட்கார்ந்து வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஏழாம் நாள் அவர் கிளம்பும்வரை கூடையில் மாத்திரை விழவில்லை. அதனால் அண்ணி சமாதானம் அடைந்தார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். "கடல்ல எறியறாரோ என்னவோ," என்றார். வண்டியில் பெட்டியை ஏற்றும்போது அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரோ இரண்டு கைகளையும் பைக்குள் விட்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் அலுவலகத்துக்கு மூங்கில் சுவர், இயற்கைக்கு நல்லது, ஒட்டுக்கேட்கவும் நல்லது. நான் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குப்பைப் பிரிப்பில் முழு மதிப்பெண். படுக்கை, குளியலறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் நல்ல வார்த்தை. கடைசியில் ஒரே ஒரு குறை. ஒன்பதாம் குடிலின் பணியாளர், விருந்தினரின் சொந்த விஷயத்தில் அனுமதியின்றித் தலையிட்டார்.

"நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றார் மேலாளர், நிஜமான வருத்தத்தோடு. "விதி அப்படி. இந்த மாசத்தோட உன்னை நிறுத்தச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு. அறிக்கையைப் படிச்சுப் பார்த்துட்டு அதுலயே ஒரு கையெழுத்துப் போடு."

அண்ணி காகிதத்தை வாங்கினார். அழுவார் என்று எதிர்பார்த்து நான் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரின் இடுக்கில் கண்ணை வைத்தேன். அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நேராகத் தாளின் அடிக்குப் போனார். அங்கே பேனாவால் போட்ட ஒன்பதுக்காரரின் கையெழுத்து, எறும்பு மையில் விழுந்து எழுந்து போன மாதிரி, கோணலும் நெளிவுமாக ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒருதரம் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இன்னொருதரம் பார்த்தார்.

"மாத்திரை போடறார்," என்றார்.

"என்னது?" என்றார் மேலாளர்.

அண்ணி பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.