உள்ள செங்குட்டுவன், வெளிய பாவாடை

மந்தாரக்குப்பத்து டீக்கடைகளில் இப்போது இது சர்வசாதாரணமான பேச்சு. கல்யாண வீட்டில் தம்பி இடுப்பொடிய வேலை செய்ய, அண்ணன் வாசலில் நின்று கும்பிடு வாங்கிக்கொண்டிருந்தால் பார்க்கிறவன் சொல்வான்: “உள்ள செங்குட்டுவன், வெளிய பாவாடை.” சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். வேறு மாவட்டங்களிலிருந்து வந்து சுரங்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்களுக்கு அதில் வேறு சிரிப்பு. சேலைக்கு வெளியே உள்பாவாடை எட்டிப் பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, பெண்கள் இருக்கும் இடத்தில் அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதில் செங்குட்டுவன் எதற்கு வந்தான் என்று யாரும் கேட்டதில்லை.

பாவாடை ஒரு மனிதர். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். பாவாடைராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் அந்தப் பெயர். முந்திரிக்காட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடங்களுக்கு முன் அவர் மனைவி வீராயியின் தம்பி செங்குட்டுவனுக்குச் சுரங்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை கிடைத்தது. நிலக்கரி ஏற்றிப்போகும் பெல்ட்டின் அடியில் சிந்துவதை வாரி மறுபடியும் மேலே போடும் வேலை. இரண்டு மாதம் கரித்தூளைத் தும்மிப் பார்த்துவிட்டு அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஓடிப்போனான். மறுநாளே காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பன்னீர்செல்வம் பாவாடையின் வீட்டுக்கு வந்து நின்றார்.

“ஆளு கொறைஞ்சா எனக்குத்தான் பேச்சு விழும். பாவாடை, அவனோட கேட் பாஸ எடுத்துக்கினு நீ வா. போட்டோவுல மீச மட்டுந்தான் தெளிவா தெரியுது. உனக்கும் மீச இருக்குதில்ல?”

மீசை இருந்தது. பாவாடை போனார்.

பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்காக மகள் இசைப்பிரியாவின் சிலேட்டில் ‘செங்குட்டுவன்’ என்ற ஏழு எழுத்தையும் எழுதிப் பழகினார். சொந்தப் பெயருக்கு அதுவரை கைநாட்டுதான். ‘டு’வின் வால் மட்டும் அவருக்கு அடங்காமல் தேள் கொடுக்கு மாதிரி மேலே வளைந்து நிற்கும்.

முதல் வாரம் ஒருவன் மூன்று முறை “செங்குட்டுவா” என்று கத்தியும் அவர் திரும்பவில்லை.

“என்னாய்யா, காது செவிடா?”

“இல்லப்பா. கேட்டுக்கு உள்ள செங்குட்டுவன், வெளிய பாவாடை. அவன் இன்னும் உள்ள வந்து சேரல.”

கையில் இருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது அந்த ஷிப்ட்டின் வார்த்தையானது. பிரியாணி மணக்கும் கேரியரைத் திறந்து பார்த்து வெறும் குஸ்காவாக இருந்தால்கூட அதையே சொன்னார்கள். பாவாடைக்கு அதில் உள்ளூரப் பெருமை.

போன மார்ச்சில், செகண்ட் ஷிப்ட்டில், பெல்ட்டின் உருளை அவருடைய வலது கையை மணிக்கட்டோடு இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பாஸில் இருந்த பெயரைத்தான் எழுதினார்கள். கண் விழித்தபோது நர்ஸ், “செங்குட்டுவன், வலிக்குதா?” என்று கேட்டாள். தன்னைத்தான் கேட்கிறாள் என்பது புரியவே அவருக்கு வெகுநேரம் ஆனது.

கை போனது பாவாடைக்குத்தான் என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் நஷ்டஈடு கேட்க முடியும், இசைப்பிரியாவுக்கு ஒரு வேலை கேட்க முடியும். கூட வேலை செய்தவர்கள் அடுத்த காண்ட்ராக்டை நினைத்து வாயைத் திறக்கவில்லை. மிச்சம் இருந்தது செங்குட்டுவன் ஒருவன்தான். வீராயி போன் போட்டாள்.

“நான் வந்து சொல்றங்க்கா. மாமாவுக்கு நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?” என்றான்.

பெர்மனென்ட் ஆக்கப்போகிறவர்களின் லிஸ்ட் வந்திருப்பதும், பதினொரு வருட சர்வீஸ் என்று அதில் செங்குட்டுவன் பெயர் இருப்பதும் பாவாடைக்குத் தெரியும். பன்னீர்செல்வம் திருப்பூருக்குப் போய்வந்ததுதான் தெரியாது.

ஜூனில் விசாரணை. செங்குட்டுவனும் வந்திருந்தான். வீராயியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். அதிகாரி முன்னால் பன்னீர்செல்வம் சாவகாசமாகப் பேசினார்.

“கரி பொறுக்க வேலி தாண்டி வந்த ஆளுங்க சார். அடிபட்டுக் கிடந்தான். பாவமேன்னு எங்க ஆளு பேர்ல ஆஸ்பத்திரில சேர்த்தேன். அதான் நான் செஞ்ச தப்பு.”

“நான் கரி பொறுக்க வரலைங்க. பதினோரு வருசமா கையெழுத்துப் போட்டுக்கினு வந்தவன் நானுங்க.”

அதிகாரி பதிவேட்டைத் திறந்து, ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “அப்ப இதே மாதிரி போட்டுக் காட்டுங்க.”

பாவாடை கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு இடது கையால் பேனாவைப் பிடித்தார். ‘செ’ தாளைக் கிழித்தது. ‘ங்’ கோடாக இழுத்துக்கொண்டு போனது. அதிகாரி போதும் என்று கையைக் காட்டினார். தாளை செங்குட்டுவன் பக்கம் திருப்பினார்.

அவன் எப்போதும் இங்கிலீஷில்தான் கையெழுத்துப் போடுவான். வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். பாவாடை அதை நினைத்துக்கொண்டுதான் நிம்மதியாக மூச்சை விட்டார். செங்குட்டுவன் தலையைக் குனிந்துகொண்டு, பேனாவைத் தூக்காமல் ஏழு எழுத்தையும் எழுதினான். தமிழில். ‘டு’வின் வால் தேள் கொடுக்காக மேலே வளைந்து நின்றது.

எத்தனை நோட்டை எழுதித் தீர்த்துப் பழகியிருப்பான் என்று பாவாடை யோசித்தார். எழுதிப் பழகப் பட்ட பாடு அவருக்குத் தெரியும்.

“நீங்க போலாம்” என்றார் அதிகாரி. அதை அவர் பாவாடையைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வீராயி எழுந்து வந்தாள். “சொன்னானா?”

“கையெழுத்து நல்லா போடறான் உன் தம்பி.”

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது செங்குட்டுவன் வெளியே வந்துகொண்டிருந்தான்.

“அக்கா, எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. உண்மையச் சொன்னா எம்மேல கேசு போடுவாங்களாம்…”

“எம் பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லன்னு சொல்லிக்கிறேன். நீ வூட்டுப் பக்கம் வராத,” என்றாள் வீராயி. சத்தம் போடவில்லை. பஸ்ஸில் முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அடுத்த மாதம் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகப் பாவாடை கடலூருக்குப் போனார். ஃபாரம் எழுதுகிற பெண் நிமிராமலே கேட்டாள்.

“கை எப்படிப் போச்சு?”

சுரங்கத்தில் என்றால் காகிதம் கேட்பார்கள். காகிதத்தில் கரி பொறுக்க வந்தவன் என்று இருந்தது. வரிசையில் அவருக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள்.

“கரும்பு ஜூஸ் மிஷின்லங்க” என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள்.