எம்.எல்.ஏ.வின் சொத்துப் பட்டியலும் என் மூத்த மகனும்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று, தங்கச்சி விட்டுப்போனது இரண்டு... ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவள். ஒருத்தரும் யாரிடமும் போய் நின்றதில்லை. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இந்தப் பத்தியை நான் சொல்வேன், பேத்தி கயல் எழுதுவாள். வாரா வாரம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

இந்த வாரம் மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை. டீ ஆறிப்போகிறது, நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, பீங்கான் பொம்மை செய்கிற பெண்கள் எங்களையெல்லாம் கூட்டி ஓர் எம்.எல்.ஏ. பேசினார். எந்தத் தொகுதி? அது வேண்டாமே.

"சின்னச் சூளையெல்லாம் ஒரே புகைம்மா. மூடிட்டு, நம்மூரு பெரிய பீங்கான் கம்பெனியோட கேஸ் சூளையில குடுத்துச் சுட்டுக்கங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்கு என்று யார் சொன்னாலும் எனக்குத் தூக்கம் போய்விடும். கம்பெனிக்குக் கூலி கொடுத்துச் சுட்டால் பொம்மையில் எங்களுக்கு என்ன மிஞ்சும்?

வீட்டுக்கு வந்து கயலைக் கேட்டேன். தேர்தலில் நிற்கும்போது சொத்து விவரம் எழுதிக் கொடுக்கிறார்களே, அது கிடைக்குமா? போனிலேயே இருந்தது! நிலம், கார், நகை என்று வாசித்துக்கொண்டே போனாள்.

"நகை கெடக்கட்டும். அவரு சம்சாரம் பேருல என்ன இருக்குது?"

"ஆயா... அந்தப் பெரிய கம்பெனியில அவங்க பார்ட்னராம்!"

வியாபாரம் செய்வது தப்பில்லை. மறைக்கவுமில்லை, எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தாளில் எழுதினால் போதுமா? எங்களுக்குப் புத்தி சொல்ல மைக்கைப் பிடித்தாரே, அப்போது சொல்ல வேண்டாமா?

மறுநாள் சூளையடியில் இதைச் சொன்னேன். எல்லாரும் கொதித்தார்கள். அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிற செல்வி மட்டும் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"ஏன் பெரியம்மா, உங்க மூத்த பையன் எந்தக் கம்பெனியில சூப்பர்வைசரு?"

நான் பொம்மைகளை அடுக்கத் திரும்பினேன்.

"அதே கம்பெனிதான? அத மட்டும் ஏன் முழுங்கிட்டீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

இந்த வாரம் இதை எழுதப்போவதாக மூத்தவனிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டான். "எழுதாதம்மா. எழுதித்தான் ஆவணும்னா என்னை இழுக்காத. நாளைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. கயலு காலேஜுக்கு யாரு கட்டுறது?"

அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அவரை 'ஏன் சொல்லவில்லை' என்று கேட்கிற வாய், தன் வீட்டு விஷயத்தை மூடிக்கொண்டு கேட்கலாமா?

ஆகவே சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகன், கயலின் அப்பா, அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். எங்கள் வீட்டுச் சோறு அவன் சம்பளம். இப்போது எம்.எல்.ஏ. சொல்லட்டும்... மைக் முன்னால், அந்தப் பெண்கள் முன்னால். சூளையை மூடுவதா வேண்டாமா என்று அப்புறம் பேசுவோம்.

கயலின் பேனா கொஞ்ச நேரமாக ஓடவில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள்.

"எழுதுடி. எழுதிட்டு மொதல்லேருந்து வாசி... உங்கப்பனப் பத்தி வர்ற எடத்துல சத்தமா."