பிரேக்கை விட்டதும் யோசிக்கும் கார்

சென்ற வாரம் ஒரு காரின் பின்னிருக்கையில் நான் பாரமாகப் பணியாற்றினேன்.

உவமையாகச் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கும் இராமநாதன், பாதுகாப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர். "சார், டெஸ்ட்டுக்கு லோடு வேணும். நீங்க சும்மா உட்கார்ந்தா போதும்" என்று அழைத்தார். சும்மா உட்காருவதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. இசைந்தேன்.

சிக்கல் அவருடைய பழைய டீசல் காரில். அதை அன்றாடம் ஓட்டுபவர் அவரல்லர்; அவர் மனைவி வசந்தா. நாச்சாரத்தில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறார். அண்மைக்காலமாக, அவர் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி உடனே விரைவதில்லை. ஒரு கணம் யோசிக்கிறது... பிறகே பாய்கிறது. உப்பல் சந்திப்பில், பேருந்துகளுக்கு நடுவே, அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம்!

ஞாயிற்றுக்கிழமைக்குள் கோளாறு தீராவிட்டால் காரை விற்றுவிடுவது என்று இராமநாதன் முடிவு கட்டியிருந்தார். வாங்குவதற்கு ஒருவர் வரவும் ஏற்பாடு. விற்றபின் வசந்தா எப்படிப் பள்ளிக்குப் போவார்? "நான் கொண்டு விடறேன்" என்றார் கணவர். அந்த விடை அம்மையாருக்கு உவப்பாக இல்லை.

ஐயம் விழுந்தது டர்போவின்மேல். எஞ்சின் வெளிவிடும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் கருவி அது. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை ஒரு சிறு நெம்புகோல் கட்டுப்படுத்துகிறது.

சோதனை நாளன்று வசந்தாவும் புறப்பட்டார்.

"நீ வேண்டாம்மா. டிரைவர் மாறினா ரீடிங் மாறிடும்."

"தினம் ஓட்டுறது நான்தானே?"

"அதான் சொல்றேன்."

இராமநாதன் ஓட்டினார். அருகில், அழுத்தமானியுடன், அவருடைய முன்னாள் அலுவலக நண்பர் செல்வராஜ், திருநெல்வேலிக்காரர். பின்னால் நான். உப்பலுக்கு அப்பால், ஆளரவமற்ற சாலை. சோதனையில் எந்த இடையூறும் கூடாது என்பது இருவருக்கும் பழகிய நெறி. வண்டி அம்பாகப் பாய்ந்தது. கோளாறு எங்கே? காணோம்.

"அண்ணாச்சி, பூஸ்ட் பிரஷர் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டுது. அந்த நெம்புகோல் கம்பியை இறுக்கிப் பாப்போம்" என்றார் செல்வராஜ்.

இறுக்கினார்கள். அழுத்தம் எல்லை மீறியது. எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வலிமையைத் தானே குறைத்துக்கொண்டது. மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு பால்வண்டி ஒலியெழுப்பியபடி எங்களைக் கடந்து சென்றது.

"ஒரு சின்ன ஓவர் கரெக்‌ஷன்" என்றார் இராமநாதன்.

"சின்னதுதான்! தள்ளாம வீடு போய்ச் சேந்தாச் சரி" என்றார் நண்பர்.

தவழ்ந்து திரும்பினோம். வாகன நிறுத்தத்தில் வசந்தா காத்திருந்தார். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழோடு ஊர்ப்பேச்சும் கலந்துவரும்.

"உங்க மீட்டர் எல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம். காலி ரோட்டுல எப்படிங்க அது வரும்? பிரேக்கை விட்ட கையோட ஆக்சிலேட்டரை மிதிச்சாத்தான் திணறுதுன்னு முதல்லயே சொன்னேனே!"

"பிரேக்குக்கும் டர்போவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று இராமநாதன் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. பொறியாளர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

தொடர்பு இருந்தது. அந்த நெம்புகோலை இழுப்பது வெற்றிடத்தின் விசை. பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணைநிற்பதும் அதே விசைதான். அதைக் கொண்டுசெல்லும் இரப்பர்க் குழாயின் இணைப்பருகே மெல்லிய வெடிப்பு. பிரேக் தன் பங்கை எடுத்துக்கொண்டதும், கசிவினால் மிச்சம் போதாமல் நெம்புகோல் தாமதித்தது. குழாயை மாற்றி, இறுக்கிய கம்பியைப் பழைய நிலைக்கே தளர்த்தினார்கள். அன்று மாலை உப்பல் நெரிசலில் வசந்தாவே ஓட்டினார். பிரேக், விடுதல், மிதித்தல் — வண்டி யோசிக்கவேயில்லை.

இடையூறுகளை எல்லாம் விலக்கிவிட்டுச் செய்யும் சோதனை எதை மெய்ப்பிக்கும்? இடையூறற்ற உலகில் யாவும் நலமே என்பதை. அவ்வுலகில் நம்முள் எவரேனும் வாழ்கிறாரா?

கதை அங்கே முடிந்திருக்கலாம். இராமநாதன் மகிழ்ச்சியோடு சொன்னார்: "இந்தக் கண்டிஷன்ல வித்தா இன்னும் நல்ல விலை கிடைக்கும்!"

வசந்தா கார்ச் சாவியைத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை வாங்குபவர் வந்தார். காரின் இடம் வெறுமையாக இருந்தது. இராமநாதன் பதறித் தொலைபேசினார். ஒலிபெருக்கியில் போட்டதால் அருகில் நின்ற நானும் வாங்க வந்தவரும் கேட்டோம்.

"எங்கம்மா இருக்கே? அவர் வந்து நிக்கிறார்!"

"ஹைவேயில பீபிநகரே தாண்டிட்டேங்க. என்னமா இழுக்குது தெரியுமா!"

"எப்போ திரும்புவே?"

"அவரு கிளம்பினதும் ஒரு போன் போடுங்க. திரும்பிடறேன்."